ஆசிரியர், மருத்துவர், பெற்றோர்: மூவரும் கூடி அமர்ந்த வரலாறு

பிள்ளையின் மனத்தில் ஏதோ சரியில்லை என்பதை முதலில் காண்பவர் யார்? பல வேளைகளில் அவர் பெற்றோராகவும் இருப்பதில்லை, மருத்துவராகவும் இருப்பதில்லை. நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம், அதே வயதுடைய நாற்பது பிள்ளைகளின் நடுவே அந்தப் பிள்ளையைப் பார்க்கும் ஆசிரியரே காண்கிறார். நேற்றுவரை ஆர்வத்தோடு கையுயர்த்திய மாணவி இன்று கடைசி வரிசைக்கு ஒதுங்கியிருப்பதும், நன்றாகப் படித்தவன் வெற்றுத் தாளை நீட்டுவதும், உணவு இடைவேளையில் ஒருவன் மட்டும் தனித்து நிற்பதும் அவர் கண்ணில்தான் முதலில் படுகின்றன.

ஆயினும் கண்டதை வைத்து என்ன செய்வது என்பதை அவருக்கு யாரும் கற்பிக்கவில்லை. அதைக் கற்ற மருத்துவரோ, பிள்ளை தம் அறையின் வாசலை மிதிக்கும்வரை அதைப் பார்ப்பதில்லை. பிள்ளையின் வரலாறு முழுவதையும் அறிந்த பெற்றோர், ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சத்தில் வாய் திறப்பதில்லை. ஒருவரிடம் கண் இருக்கிறது, ஒருவரிடம் அறிவு இருக்கிறது, ஒருவரிடம் உரிமை இருக்கிறது. மூன்றும் ஓரிடத்தில் சேராதபோது இடையில் சிக்கித் தவிப்பது பிள்ளைதான்.

இம்மூவரையும் ஓரிடத்தில் அமர்த்தும் முயற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. அது பல்க் நகரிலிருந்தும் துனீசியாவிலிருந்தும் தொடங்கி, அமெரிக்காவின் இரண்டு நகரங்கள் வழியாக, பாகிஸ்தானின் ஒரு கிராமப் பகுதிக்கும் பீகாரின் ஒரு மாவட்டத்திற்கும் வந்து சேர்கிறது. அந்த வரலாற்றில் வெற்றிகளும் உள்ளன. படிப்பினை தரும் தோல்விகளும் உள்ளன.

கிதாபுகளில் இருந்த இரு பாதிகள்

மன நோவு என்பது மேற்குலகம் அண்மையில் கண்டுபிடித்துத் தந்த ஒன்று என்ற எண்ணம் நம்மில் சிலருக்கு உண்டு. அது சரியன்று. இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்க் நகரத்தை அடுத்த சிற்றூரொன்றில் பிறந்து, ஹிஜ்ரி 322ஆம் ஆண்டில் (கி.பி. 934) மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் நூலை இயற்றினார். உடல்களின் நலனும் ஆன்மாக்களின் நலனும் என்பது அத்தலைப்பின் பொருள். நூலின் முதற்பகுதி உடலைப் பேசுகிறது. இரண்டாம் பகுதி மனத்தைப் பேசுகிறது. சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் என்னும் விடாத ஊசலாட்ட எண்ணம் ஆகியவற்றை அவர் தனித்தனியே எடுத்து ஆராய்கிறார்.

உடலும் மனமும் ஒன்றையொன்று பாதிப்பவை. எனவே உடலை மட்டும் பார்க்கும் மருத்துவம் முழுமையாகாது என்பது அவர் கருத்து. உடல்நலத்தோடு இருக்கும்போதே மருந்துகளைச் சேமித்து வைப்பதைப் போல, மனம் அமைதியாக இருக்கும்போதே நல்லெண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும் என்றும் அவர் அறிவுறுத்தினார். பல நூற்றாண்டுகள் இஸ்தான்புல் சுவடிச் சேகரிப்பில் கிடந்த அந்நூலின் மனநலப் பகுதியை, சூடான் நாட்டு உளவியலாளர் மாலிக் பத்ரீ 2013ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட பின்னரே உலகம் பரவலாக அறிந்தது.

மற்றொரு பாதி இப்னு கல்தூனிடம் கிடைக்கிறது. 1332ஆம் ஆண்டில் துனிஸ் நகரில் பிறந்த இவ்வறிஞர், 1377ஆம் ஆண்டில் எழுதி முடித்த ‘முகத்திமா’வில் மாணவரிடம் கடுமை காட்டுவதன் தீங்கைப் பற்றித் தனியாகவே ஓர் இயல் வைத்திருக்கிறார். அடக்குமுறையில் வளரும் மாணவனின் மனம் சுருங்குகிறது, ஊக்கம் வற்றுகிறது, சோம்பல் குடிபுகுகிறது, அடிக்கு அஞ்சி உள்ளத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறொன்றைச் சொல்லப் பழகுகிறான். நாளடைவில் அந்தப் பொய்யே அவன் குணமாகிவிடுகிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஒழுங்கு குலைந்த பிள்ளையைப் பார்த்து, அப்பிள்ளை என்ன தவறு செய்தான் என்று கேட்பதோடு அவர் நிற்கவில்லை. அவனை அவ்வாறு ஆக்கிய கல்விக்கூடம் எத்தகையது என்றும் கேட்டார். இக்கேள்வி இக்கட்டுரையின் ஒவ்வொரு திருப்பத்திலும் மீண்டும் வரும்.

அல்பல்கீயிடம் மருத்துவரின் அறிவு இருந்தது. இப்னு கல்தூனிடம் ஆசிரியர்களை ஆராய்ந்த கண் இருந்தது. ஆயினும் ஒன்று மருத்துவ நூலாகவும் மற்றொன்று சமூக வரலாற்று நூலின் ஓர் இயலாகவும் தனித்தனி அலமாரிகளில் நின்றன. துன்பப்படும் ஒரு மாணவனை முன்னிட்டு அவ்விரு அறிவும் சந்திக்கும் அமைப்பு உருவாவதற்கு நெடுங்காலம் ஆயிற்று.

பிலடெல்பியா: ஓர் ஆசிரியை கொண்டுவந்த மாணவன்

1896ஆம் ஆண்டு மார்ச் மாதம். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்பவர் உளவியல் கற்பித்து வந்தார். அவரிடம் பாடம் கேட்க வந்தவர்களுள் மார்கரெட் மகுவாயர் என்ற பள்ளிக்கூட ஆசிரியையும் ஒருவர். தம் வகுப்பிலிருந்த பதினான்கு வயது மாணவன் ஒருவனை அவர் விட்மரிடம் அழைத்து வந்தார். அவன் அறிவுள்ள பிள்ளை. ஆனால் எழுத்துக்கூட்டி எழுதுவது மட்டும் அவனுக்கு வரவே இல்லை. மனித மனத்தைப் பற்றி இவ்வளவு பேசும் உளவியல் இந்தப் பிள்ளைக்கு உதவ முடியாதா என்பதே அவர் முன்வைத்த கேள்வி.

விட்மர் அவனை ஆராய்ந்தார். கண்பார்வையில் கோளாறு இருந்தது தெரியவந்தது. கண்ணாடி தரப்பட்டது, அதன்பின் ஆசிரியையின் துணையோடு தனிப்பயிற்சியும் தொடர்ந்தது. அதுவரை சோம்பேறி என்றோ மந்தபுத்தி என்றோ கருதப்பட்டிருக்கக்கூடிய ஒரு மாணவனின் சிக்கலுக்கு வேறு ஒரு காரணம் இருந்தது. உலகின் முதல் உளவியல் சிகிச்சை நிலையம் எனக் கருதப்படும் விட்மரின் நிலையம் இவ்வாறு ஓர் ஆசிரியையின் கேள்வியிலிருந்தே பிறந்தது.

அடுத்த முப்பது ஆண்டுகளில் இந்த விதை பல இடங்களில் முளைத்தது. 1906–07ஆம் ஆண்டுகளில் நியூயார்க், பாஸ்டன், ஹார்ட்ஃபோர்ட் ஆகிய நகரங்களில் ‘வீடு தேடிச் செல்லும் ஆசிரியர்’ என்னும் புதிய பணி தோன்றியது. வகுப்பில் வாடும் பிள்ளையின் இல்லத்திற்குச் சென்று, அங்குள்ள வறுமையையும் நோயையும் குடும்பச் சிக்கலையும் அறிந்து, பள்ளிக்கூடத்திற்கும் வீட்டிற்கும் பாலமாக நிற்பதே அவர்களின் வேலை. பெரும்பாலும் குடியேறிய ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளிடையே அவர்கள் பணியாற்றினர். 1909ஆம் ஆண்டில் சிகாகோவில் வில்லியம் ஹீலி என்ற மருத்துவர், சிறார் நீதிமன்றத்திற்குக் கொண்டுவரப்படும் பிள்ளைகளைத் தண்டிப்பதற்கு முன் ஆராய்வதற்கென ஒரு நிலையத்தைத் தொடங்கினார். 1920களில் காமன்வெல்த் ஃபண்ட் என்ற அறக்கட்டளையின் பொருளுதவியால் குழந்தை வழிகாட்டு நிலையங்கள் பல நகரங்களில் எழுந்தன. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகிய மூவரும் ஒரே குழுவாக இயங்குவது அவற்றின் அடையாளம். அதே அறக்கட்டளையின் உதவியோடு 1929ஆம் ஆண்டில் லண்டனிலும் ஒரு நிலையம் திறக்கப்பட்டது.

இது பெரிய முன்னேற்றமே. எனினும் அதில் ஒரு குறை தங்கிவிட்டது. நிலையம் பள்ளிக்கூடத்திற்கு வெளியே இருந்தது. ‘சிக்கலான பிள்ளை’ என்ற முத்திரையோடு மாணவன் அங்கே அனுப்பப்பட்டான். சிகிச்சை முடிந்து அவன் திரும்பி வந்தபோது, அவனை வாடச் செய்த வகுப்பறை அப்படியே இருந்தது. ஆசிரியரின் வேலை அனுப்பி வைப்பதோடு முடிந்தது. மருத்துவரின் வேலை அறிக்கை எழுதுவதோடு முடிந்தது. இருவரும் தாளின் வழியாகப் பேசிக்கொண்டனர்.

நியூ ஹேவன்: குற்றம் சாட்டாத கூட்டம்

அந்தக் குறையை நேராக எதிர்கொண்டவர் ஜேம்ஸ் கோமர் என்ற கறுப்பின மனநல மருத்துவர். 1934ஆம் ஆண்டில் பிறந்த இவருடைய தந்தை எஃகு ஆலைத் தொழிலாளி. தாய் பிறர் வீடுகளில் பணி செய்தவர். தம்மோடு ஒரே தெருவில் வளர்ந்து, தமக்கு நிகரான அறிவும் பெற்றிருந்த மூன்று நண்பர்கள் பிற்காலத்தில் வாழ்வில் வீழ்ந்ததை அவர் கண்டார். தாம் பெற்ற எது அவர்களுக்குக் கிட்டவில்லை என்ற கேள்வி அவரை விடவில்லை. குழந்தையின் வளர்ச்சியை அறிந்த பெற்றோரும் பள்ளிக்கூடமும் ஒரே திசையில் நின்றதுதான் அந்த வேறுபாடு என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

1968ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தின் குழந்தை ஆய்வு மையமும் நியூ ஹேவன் நகரக் கல்வித் துறையும் இணைந்து, மிகப் பின்தங்கிய இரண்டு தொடக்கப் பள்ளிக்கூடங்களில் ஒரு முயற்சியைத் தொடங்கின. மாணவர்களில் ஏறத்தாழ அனைவரும் கறுப்பின ஏழைக் குடும்பத்தினர். கோமரோடு சமூகப் பணியாளர், உளவியலாளர், சிறப்புக் கல்வி ஆசிரியர் ஆகியோர் பள்ளிக்கூடத்துக்கு உள்ளேயே வந்து அமர்ந்தனர். முதலாண்டு ஏறக்குறையத் தோல்விதான். வகுப்பறைகள் குழம்பின, ஆசிரியர்கள் சோர்ந்தனர், பெற்றோர் சினத்தோடு பள்ளிக்கூட வாசலில் நின்றனர். வல்லுநர்கள் வந்து சேர்ந்தால் மட்டும் போதாது என்பதை அந்த ஆண்டு காட்டியது.

அதிலிருந்து ஓர் ஒழுங்கு பிறந்தது. தலைமையாசிரியர், ஆசிரியர்கள், பெற்றோர், மனநலப் பணியாளர், பிற ஊழியர் ஆகியோரின் பிரதிநிதிகள் அடங்கிய குழு பள்ளிக்கூடத்தின் செயல்களை வகுத்தது. மனநலப் பணியாளரின் குழு, தனித்தனி மாணவரின் சிக்கலைக் கவனித்ததோடு, அத்தகைய சிக்கல்கள் ஏன் எழுகின்றன என்றும் ஆராய்ந்தது. பெற்றோர் பள்ளிக்கூட வாழ்வில் பங்காளிகளாயினர். கூட்டங்களுக்கு மூன்று விதிகள் இருந்தன: எவர் மீதும் பழி சுமத்தாமல் சிக்கலைத் தீர்ப்பது, வாக்கெடுப்பால் ஒரு தரப்பைத் தோற்கடிக்காமல் இணக்கத்தால் முடிவெடுப்பது, ஒருவர் பணியை மற்றவர் முடக்காமல் ஒத்துழைப்பது.

கோமர் எழுதிய ஒரு நிகழ்ச்சி இந்த முறையை விளக்கும். வட கரோலினாவின் கிராமப்புறத்திலிருந்து எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் நியூ ஹேவனிலுள்ள தன் அத்தையின் வீட்டிற்கு வந்து சேர்ந்தான். வேலைக்கு விரைந்த அத்தை அவனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுச் சென்றார். முன்பின் அறியாத கட்டடம், அறியாத முகங்கள். ஆண்டின் நடுவே இன்னுமொரு புதுப் பிள்ளையா என்ற சலிப்பு ஆசிரியையின் முகத்தில் தெரிந்தது. மிரண்ட சிறுவன் அவரை உதைத்துவிட்டு ஓடினான். பழைய முறையில் அவனுக்குத் தண்டனை கிடைத்திருக்கும். மீண்டும் செய்திருந்தால் ‘மனக்கோளாறு உள்ளவன்’ என்ற முத்திரையும் விழுந்திருக்கும். மனநலக் குழு அதை வேறு விதமாகக் கண்டது. பழகிய அனைத்தையும் ஒரே நாளில் இழந்த பிள்ளையின் அச்சம் அது. அவனை வகுப்பு வரவேற்கும் வழியை ஆசிரியையோடு கலந்து பேசினர். அதோடு நில்லாமல், புதிதாக வரும் எந்தப் பிள்ளையையும் அவ்வாறு வரவேற்கும் வழக்கத்தைப் பள்ளிக்கூடம் முழுவதற்கும் கொண்டுவந்தனர். உறவு நிலைப்பதற்காகச் சில மாணவரை ஒரே ஆசிரியரிடம் இரண்டாண்டுகள் இருக்கவும் செய்தனர்.

தொடக்கத்தில் நகரிலுள்ள 33 தொடக்கப் பள்ளிக்கூடங்களில் கடைசி இரண்டு இடங்களில் இருந்தவை இவை. 1984ஆம் ஆண்டின் தேர்வுகளில் இத்திட்டத்தின் பள்ளிக்கூடங்களைச் சேர்ந்த நான்காம் வகுப்பு மாணவர் நகரில் மூன்றாம், நான்காம் இடங்களை எட்டினர். குடும்பங்களின் வறுமை மாறவில்லை; பிள்ளையைச் சூழ்ந்திருந்த பெரியவர்கள் ஒருவரோடொருவர் நடந்துகொண்ட முறை மாறியது. இப்னு கல்தூன் கல்விக்கூடத்தை நோக்கிக் கேட்ட கேள்வியை இங்கே மருத்துவரும் ஆசிரியரும் பெற்றோரும் சேர்ந்து கேட்டனர்.

குஜர்கான்: மாணவர் வழியாக ஊருக்கு

வளமான நாட்டில், பெரும் பல்கலைக்கழகத்தின் அருகில் நடந்தது ஏழை நாட்டின் கிராமத்தில் நடக்குமா? இக்கேள்விக்கு ஒரு விடை பாகிஸ்தானிலிருந்து வந்தது.

ராவல்பிண்டி மாவட்டத்தைச் சேர்ந்த குஜர்கான் வட்டத்தில் 1980களின் நடுவில் பேராசிரியர் மாலிக் ஹுசைன் முபஷ்ஷிரின் தலைமையில் சமூக மனநலத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. நாட்டில் மனநல மருத்துவர்கள் மிகச் சிலரே. அவர்களும் நகரங்களில் இருந்தனர். எனவே கிராமத்தில் ஏற்கெனவே மக்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்தவர்களை இத்திட்டம் நாடியது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள், சுகாதாரப் பணியாளர்கள், ஆசிரியர்கள், மார்க்கப் பெரியவர்கள், ஓதிப்பார்ப்பவர்கள் எனப் பலரும் இதில் இணைக்கப்பட்டனர்.

ஓதிப்பார்ப்பவர்களை ஒதுக்காமல் அழைத்ததற்கு வலுவான காரணம் இருந்தது. இதே வட்டத்தில் அத்தகையோரிடம் வந்த 139 பேரை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், அவர்களுள் 61 விழுக்காட்டினருக்கு மருத்துவம் அறிந்த மனநோய் ஒன்று இருந்தது தெரியவந்தது. ஜின் பிடித்தது, சாயை விழுந்தது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. துஆவின் மீது நம்பிக்கை வைத்து அவர்கள் அங்கே சென்றதில் வியப்பில்லை. ஆனால் மருத்துவ உதவி தேவைப்பட்டவர்களுக்கு அந்த வாசலிலிருந்து மருத்துவமனைக்குச் செல்லும் பாதை திறந்திருக்க வேண்டும் அல்லவா? அப்பாதையைத் திறப்பது பகையால் ஆகாது. உறவால்தான் ஆகும் என்பதைத் திட்டத்தினர் உணர்ந்திருந்தனர்.

இத்திட்டத்தின் மிகச் சிறந்த பகுதி பள்ளிக்கூடங்களில் நிகழ்ந்தது. மருத்துவர்கள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தனர். ஆசிரியர்கள் மாணவரிடையே மனநலம் பற்றிப் பேசினர். மாணவர் அதைத் தம் சொற்களில் வீட்டிற்கும் தெருவிற்கும் கொண்டு சென்றனர். எழுத்தறிவு குறைந்த ஊரில் துண்டுப் பிரசுரத்தைவிடப் பிள்ளையின் நாவே சிறந்த தூது.

இதன் விளைவை அளந்த ஆய்வு 1998ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. ஆதிஃப் ரஹ்மான், முபஷ்ஷிர் உள்ளிட்டோர் அதை நடத்தினர். ஆண்கள் பள்ளிக்கூடம் இரண்டு, பெண்கள் பள்ளிக்கூடம் இரண்டு என நான்கு எடுத்துக்கொள்ளப்பட்டு, பாதி பள்ளிக்கூடங்களில் மட்டும் நான்கு மாதங்கள் திட்டம் நடத்தப்பட்டது. 12 முதல் 16 வயது வரையுள்ள 100 மாணவரோடு, அவர்கள் ஒவ்வொருவரின் பெற்றோரில் ஒருவர், பள்ளிக்கூடம் செல்லாத நண்பர் ஒருவர், அண்டை வீட்டார் ஒருவர் எனப் பிறரும் வினவப்பட்டனர். திட்டம் நடந்த பள்ளிக்கூடங்களின் மாணவரிடம் மனநலம் பற்றிய அறிவு தெளிவாக உயர்ந்திருந்தது. வகுப்பறையில் காலடி வைக்காத பெற்றோரிடமும் நண்பரிடமும் அது உயர்ந்திருந்தது. சற்றுக் குறைந்த அளவில் அண்டை வீட்டாரையும் எட்டியிருந்தது.

இந்த ஆய்வு அளந்தது அறிவையே அன்றி நோயின் நீக்கத்தை அன்று. மனநோய் வெட்கத்திற்குரியதன்று என்று அறிவது முதற்படி. வாடும் பிள்ளையின் வாட்டம் உண்மையில் குறைய வேண்டுமானால் அடுத்த படி என்ன? அதற்கான விடை இருபது ஆண்டுகளுக்குப் பின் நம் நாட்டிலேயே கிடைத்தது.

நாளந்தா: ஆசிரியரின் தோளில் மட்டும் ஏற்றாதீர்

மனநல மருத்துவர் விக்ரம் படேல் இணைந்து நிறுவிய, கோவாவைச் சேர்ந்த சங்கத் என்னும் தொண்டு நிறுவனம், பீகாரின் நாளந்தா மாவட்டத்து அரசு உயர்நிலைப் பள்ளிக்கூடங்களில் ‘செஹர்’ என்ற திட்டத்தை நடத்தியது. 74 பள்ளிக்கூடங்கள் மூன்று பிரிவுகளாக ஆயின. ஒரு பிரிவில், மனநலத் துறைப் பட்டம் எதுவுமில்லாத, ஆனால் முறையாகப் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் பள்ளிக்கூடத்தில் பணியாற்றினார். இரண்டாம் பிரிவில், அதே பணியை அங்குள்ள ஆசிரியர் ஒருவர் ஏற்றார். மூன்றாம் பிரிவில் வழக்கமான அரசுப் பாடத்திட்டம் மட்டுமே நடந்தது.

பணிகள் எளியவை. காலை வணக்கக் கூட்டத்தில் மனநலம் பற்றிய பேச்சு. மாதந்தோறும் ஒரு பொருளில் சுவர் இதழ். மாணவர் தம் மனக்குறையைப் பெயர் எழுதாமலும் இடக்கூடிய பெட்டி. ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் அடங்கிய குழு. தேவைப்படும் மாணவருக்குத் தனியே அமர்ந்து வழிகாட்டுதல். கோமரின் பள்ளிக்கூடத்தில் நாம் கண்ட கூறுகள் பலவும் இங்கே நம் நாட்டு உடையில் தோன்றுகின்றன.

2018ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியாயின. பயிற்சி பெற்ற ஆலோசகர் பணியாற்றிய பள்ளிக்கூடங்களில் எட்டு மாதங்களுக்குள் சூழல் மேம்பட்டது; மாணவரிடையே மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்தன; பிறரைத் துன்புறுத்துவதும் வன்முறையும் குறைந்தன. அதே பணியை ஆசிரியரிடம் ஒப்படைத்த பள்ளிக்கூடங்களில், வழக்கமான அரசுப் பாடத்திட்டம் மட்டுமே நடந்த பள்ளிக்கூடங்களிலிருந்து குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

இதைக் கண்டு ஆசிரியர்களைக் குறை கூறுவது நீதியாகாது. பாடம் நடத்த வேண்டும், தேர்வுத் தாள் திருத்த வேண்டும், அரசு இட்ட பிற பணிகளும் பார்க்க வேண்டும். எஞ்சிய நேரத்தில் மனநலமும் பார் என்றால் எவரால் இயலும்? தவிரவும், மதிப்பெண் போடுபவரிடமே, தண்டிக்கும் உரிமை உள்ளவரிடமே தன் மனத்தைத் திறக்க எந்தப் பிள்ளை துணியும்? தீர்ப்பளிக்காத ஒரு காது அப்பிள்ளைக்கு வேண்டியிருக்கிறது. நியூ ஹேவனில் வல்லுநர் வந்தும் கூட்டுறவு இல்லாத முதலாண்டு தடுமாறியது. நாளந்தாவில் ஆசிரியர் இருந்தும் தனி ஆலோசகர் இல்லாத பள்ளிக்கூடம் மாறவில்லை. இரண்டும் ஒரே பாடத்தின் இரு பக்கங்கள்.

நம் ஊரின் பக்கம்

தமிழகத்திலும் இத்தகைய கூட்டுறவுக்கு ஒரு சான்று உண்டு. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவிய ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு மையம், தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் மாணவர் படும் வேதனையை நேரில் கேட்டு வந்தது. ஒரு பாடத்தில் தவறினால் ஓராண்டே போய்விடும் என்ற நிலை பல இளம் உயிர்களை விளிம்பிற்குத் தள்ளுவதை அது எடுத்துரைத்தது. தவறியவர் சில வாரங்களிலேயே மீண்டும் எழுதி, அதே ஆண்டில் மேற்படிப்பைத் தொடர வழிசெய்யும் துணைத்தேர்வு முறை வருவதற்கு அத்தகைய குரல்கள் துணை நின்றன. ஒவ்வொரு மாணவரையும் தனியே அழைத்து ஆறுதல் கூறுவது ஒரு வழி. அவர்களை வாட்டும் விதியையே மாற்றுவது மற்றொரு வழி. மருத்துவர் கண்ட துயரம் கல்வித் துறையின் செவியை எட்டியபோது இரண்டாம் வழி திறந்தது.

இந்த வரலாற்றைப் படிக்கும் நம் குடும்பங்களுக்கும், பள்ளிக்கூடங்களையும் மத்ரஸாக்களையும் நடத்தும் ஜமாஅத்தாருக்கும் இதில் செயலுக்குரியவை சில உண்டு.

முதலாவது, ஆசிரியர் நம்மை அழைத்து “பிள்ளை சில நாட்களாக வாடியிருக்கிறான்” என்று சொன்னால், அதைப் புகாராகக் கொள்ளாமல் அமானிதமாகக் கொள்ள வேண்டும். பிலடெல்பியாவில் ஓர் ஆசிரியை அவ்வாறு கவனித்ததிலிருந்தே ஒரு துறை பிறந்தது. வீட்டிற்கு வந்ததும் பிள்ளையை அதட்டினால், அடுத்த முறை அந்த ஆசிரியரும் வாய் திறக்கமாட்டார். பிள்ளையும் இப்னு கல்தூன் சொன்னபடி உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக வாழக் கற்றுக்கொள்ளும்.

இரண்டாவது, நம் நிறுவனங்களில் மாதம் ஒருமுறையேனும் ஆசிரியர், பெற்றோரின் பிரதிநிதி, ஊரிலுள்ள மருத்துவர் அல்லது பயிற்சி பெற்ற ஆலோசகர் ஆகியோர் கூடி அமரலாம். அங்கே கோமரின் முதல் விதி நிற்க வேண்டும்: பழி சுமத்துவது கூடாது. பிள்ளைகளின் பெயரும் அந்தரங்கமும் அந்த அறையைவிட்டு வெளியேறக் கூடாது. ஒரு பிள்ளையின் பேச்சு தெருவுக்கு வந்துவிட்டால் அதன்பின் எந்தப் பிள்ளையும் பேசாது.

மூன்றாவது, ஆலோசகர் என்ற பெயரில் ஏற்கெனவே சுமை மிகுந்த ஆசிரியர் ஒருவரை நியமித்துக் கடமை முடிந்ததாக எண்ணக் கூடாது. நாளந்தா காட்டியது அதுவே. ஊரில் படித்த, பொறுமையுள்ள, இரகசியம் காக்கக்கூடிய இளைஞரும் பெண்களும் இருக்கிறார்கள். முறையான பயிற்சியும், மேலே கேட்டுத் தெளிய ஒரு மருத்துவரும் கிடைத்தால் அவர்கள் இப்பணியை ஏற்க முடியும். பெண்பிள்ளைகள் தயக்கமின்றிப் பேசுவதற்குப் பெண் ஆலோசகர் இருப்பது நலம்.

நான்காவது, நம் ஹஸ்ரத்மார்களிடமும் ஓதிப்பார்ப்பவர்களிடமும் மனக்கலக்கத்தோடு பெற்றோர் செல்வது இயல்பு. குஜர்கானில் செய்ததைப் போல, துஆவோடு மருத்துவரின் முகவரியையும் அவர்கள் தருவார்களாயின், அந்தப் பெற்றோரின் தயக்கத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். ஜும்ஆ மேடையிலிருந்து ஆண்டில் ஒருமுறை, தேர்வுக் காலத்திற்கு முன் இதைப் பற்றிப் பேசினால், கேட்கும் தந்தையருக்கும் அது எட்டும்; மேல்தளத்தில் கேட்கும் தாய்மாருக்கும் எட்டும்.

உடனடி உதவி வேண்டுவோர்க்காக இந்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ‘டெலி மானஸ்’ என்ற இலவசத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. அதன் எண் 14416. தமிழிலும் பேசலாம், இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். பிள்ளை தன்னையே வெறுத்துப் பேசினாலோ, வாழ்வதில் பொருளில்லை என்று சொன்னாலோ அதை வயதின் கோளாறு என்று தள்ளாமல், அன்றே அப்பிள்ளையின் அருகில் அமர்ந்து கேளுங்கள். அன்றே உதவியும் நாடுங்கள். அந்த எண்ணை வீட்டுச் சுவரிலும் வகுப்பறைச் சுவரிலும், மதரஸாவின் அறிவிப்புப் பலகையிலும் எழுதி வைப்பது இன்றே செய்யக்கூடிய ஒரு பணி.